எல்லாமே பழகாது, டாக்டர்

இப்போதெல்லாம் எனக்குப் பிடிக்காத சொல் ஒன்று உண்டென்றால் அது "பழகிடும்". வயது அறுபதைத் தாண்டியதும் ஊரில் எல்லோரும் நம்மிடம் சொல்ல ஆரம்பிக்கிற சொல் இது. புதுக் கண்ணாடி போட்டுப் படி இறங்கினால் தரை மேலே எழும்பி வருகிறதே என்றால், "பழகிடும் சார்". காதுக் கருவியில் மிக்ஸி சத்தம் இடி மாதிரி விழுகிறது என்றால், "பழகிடும் அங்கிள்". பென்ஷனுக்கு உயிர்ச் சான்று தர ஃபோனுக்கு முன்னால் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறார்களே, அதற்கும் "பழகிடும் தாத்தா". சரி, அதெல்லாம் உடம்புக்கு வெளியே இருக்கிற சமாச்சாரம். வேண்டாமென்றால் கழற்றி மேசை மேல் வைத்துவிடலாம். இப்போது அதே சொல்லை என் வாய்க்குள்ளேயே கொண்டுவந்து வைத்துவிட்டார்கள்.

இடது பக்கம் கீழ்க் கடைவாய்ப்பல் இரண்டு இல்லாமல் சில வருஷம் ஓட்டினேன். போன வருஷம் அங்கே இரண்டு இம்ப்ளான்ட் வைத்து, எலும்பு பிடிக்க நாலு மாதம் காத்திருந்து, மாசி மாதம் மேலே கேப் மாட்டினார்கள். எங்கே, யார் என்பதெல்லாம் வேண்டாம். என் சண்டை ஒரு டாக்டரோடு அல்ல. இம்ப்ளான்ட் வைத்துக்கொண்ட நம் வயதுக்காரர்கள் ஏழெட்டுப் பேரிடம் விசாரித்துவிட்டேன். வேறு வேறு டாக்டர், வேறு வேறு ஊர், சிலர் மதுரை, ஒருவர் சென்னை. எல்லோருக்கும் சொல்லப்பட்டவை இரண்டே வாக்கியம். வைப்பதற்கு முன்னால், "உங்க சொந்தப் பல் மாதிரியே இருக்கும்." வைத்த பிறகு, "பழகிடும்."

முதல் வாக்கியம் உண்மை இல்லை. இரண்டாவது பாதி உண்மை. அந்தப் பாதி எது என்று சொல்லாமல் விடுவதுதான் எனக்குக் கோபம்.

முதலில் அந்தச் "சொந்தப் பல் மாதிரி". மாதிரி இல்லை. கேப் மாட்டிய மறுநாள் காலை தோசையை மென்றபோது, வாயின் இடது பக்கம் யாரோ வேறு ஒருவர் மென்றுகொண்டிருப்பது போல இருந்தது. வலி கிடையாது. ஆனால் கடிக்கிறோம் என்ற சேதி வரவில்லை. வலது பக்கம் தோசையின் ஓரம் மொறுமொறுப்பு என்றும் நடு மெத்தென்றும் தனித்தனியாகச் சொல்கிறது. இடது பக்கம் "ஏதோ இருக்கிறது" என்பதோடு சரி. பனங்கிழங்கு சாப்பிட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். நார் பல்லில் மாட்டி இழுபடும் அந்தச் சின்ன இழுப்பு இருக்கிறதே, நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, அது இடது பக்கம் வரவே இல்லை.

இது பிரமை அல்ல, காரணம் உண்டு. துறைமுகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்குத் தெரிந்த விதத்தில் சொல்கிறேன். ஐம்பதாயிரம் டன் கப்பல் பெர்த்தில் வந்து அணையும்போது, வினாடிக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் வந்தாலும், நேரே கான்கிரீட்டில் உரசினால் சுவரும் போகும், கப்பலும் போகும். அதற்குத்தான் நடுவில் ரப்பர் ஃபெண்டர். கப்பல் அதை அமுக்கும், அது அமுங்கி விட்டுக்கொடுக்கும். நம் இயற்கைப் பல்லுக்கும் அப்படி ஒரு ஃபெண்டர் உண்டு. பல்லின் வேர் எலும்பில் ஒட்டிக்கொண்டு இல்லை. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் இடைவெளி, அதில் நார் இழைகள். பல் அந்த நாரில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றே சொல்லலாம். கடிக்கும்போது 25 முதல் 100 மைக்ரான் வரை கீழே அமுங்கி மறுபடி எழும்பும். அந்த நாரில்தான் அழுத்தத்தை உணரும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. சோற்றில் ஒரு பொடிக்கல் கிடந்தால் தாடை தானாக நின்றுவிடுகிறதே, நிறுத்தச் சொல்வது அவைதான்.

இம்ப்ளான்டில் அந்த நார் கிடையாது. எலும்பும் டைட்டானியமும் நேருக்கு நேர் ஒட்டிக்கொள்கின்றன. அது 3 முதல் 5 மைக்ரான்தான் அசையும். ஃபெண்டர் இல்லாத பெர்த். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே 20 மைக்ரான் தடிமனில் ஒரு தகடு கிடந்தாலே இயற்கைப் பல் கண்டுபிடித்துவிடும் என்கிறார்கள், தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. இம்ப்ளான்ட் கண்டுபிடிக்க 50 மைக்ரானாவது வேண்டும். இவ்வளவும் பல் மருத்துவப் படிப்பில் இருக்கிற விஷயம். நோயாளியிடம் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும்.

எலும்பு இரும்பு மாதிரி ஒரு பொருளை எப்படி ஏற்றுக்கொள்கிறது என்பது வேறு ஒரு அதிசயம். 1952-ல் ஸ்வீடன் நாட்டு பிரானேமார்க் என்ற ஆராய்ச்சியாளர் முயல் காலில் வைத்த டைட்டானியக் கருவியை ஆராய்ச்சி முடிந்து கழற்றப் பார்த்திருக்கிறார், கழலவில்லை. எலும்பு அதைப் பிடித்துக்கொண்டது. 1965-ல் யோஸ்டா லார்சன் என்பவரின் கீழ்த்தாடையில் நாலு இம்ப்ளான்ட் வைத்தார். அந்த மனிதர் 2006-ல் இறக்கும்வரை, நாற்பது வருஷத்துக்கு மேல், அதை வைத்தே மென்றிருக்கிறார். ஆகவே இம்ப்ளான்ட் மோசம் என்று நான் சொல்லவே இல்லை. பல்செட்டை டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டுத் தூங்குகிற வேலை நமக்கு வேண்டாம் என்றுதான் நானும் வைத்துக்கொண்டேன்.

சிப்பிக்காரர்களான நமக்கு இன்னொரு செய்தி. 1931-ல் ஹோண்டுராஸ் நாட்டில் போப்பினோ என்பவரும் அவர் மனைவியும் ஒரு தாடையைத் தோண்டி எடுத்தார்கள். மாயன் காலத்தது, ஏறக்குறைய கி.பி. 600. கீழ் முன்பல் மூன்றின் இடத்தில் சிப்பி ஓட்டைப் பல் வடிவில் செதுக்கி இறக்கியிருக்கிறார்கள். செத்த பிறகு செய்த அலங்காரம் என்றுதான் முதலில் நினைத்தார்கள். 1970-களில் எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தால் அதைச் சுற்றி எலும்பு வளர்ந்திருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே வைத்தது! முத்துக்கு முத்து போக, ஓடும் பல்லாகியிருக்கிறது.

நம் ஊரில் இதைத் தலைகீழாகச் செய்தோம். 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நின்றுபோய், 1973-ல் நம்மூர் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் கே. அழகர்சாமி குழுவினர் உயிருள்ள சிப்பிக்குள் ஓட்டு உருண்டையை வைத்து முத்து விளைய வைத்தார்கள். அதுவும் இம்ப்ளான்ட்தான். சில சிப்பி உருண்டையை ஏற்றுக்கொண்டு மேலே மேலே பூசி முத்தாக்கும். சில வெளியே தள்ளிவிடும். உறுத்துகிறது என்று வாய் திறந்து சொல்ல அதற்கு வழியில்லை. நமக்கு வழி இருக்கிறது, ஆனால் சொன்னால் "பழகிடும்" என்கிறார்கள்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ரூட் கெனால் செய்த பல்லுக்குக் கேப் போடுவார்கள் இல்லையா? அந்தக் கேப் ஒரு இழை உயரமாக இருந்தாலும், அடியில் நார் இருப்பதால் பல் கொஞ்சம் இறங்கிக் கொடுக்கும். இரண்டு வாரத்தில் ஓரளவு சமாதானம் ஆகிவிடும். ரொம்ப உயரமாக இருந்தால் வலிக்கும், நாமே ஓடிப்போவோம். ஆகவே அங்கே "பழகிடும்" என்பதில் ஏதோ நியாயம் இருந்தது. அதே வார்த்தையை அப்படியே இம்ப்ளான்டுக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். இம்ப்ளான்ட் எங்கே இறங்கும்? எலும்போடு எலும்பாக நிற்கிறது. கேப் உயரமாக இருந்தால் உயரமாகவேதான் இருக்கும். அதைவிடக் கொடுமை, வலிக்காது. எச்சரிக்கை மணி அடிக்கிற நாரையே காணோமே! ஒவ்வொரு கடியின் பாரமும் சத்தமில்லாமல் உள்ளே இருக்கிற ஸ்க்ரூவுக்கும், கேப்பின் பீங்கானுக்கும், எதிரே இருக்கிற மேல்பல்லுக்கும் போகும்.

என் கதையில் அதுதான் நடந்தது. வாயை மூடினால் இடது பக்கம் முதலில் தட்டியது. மாட்டிய அன்றே சொன்னேன். மரத்துப்போகும் ஊசி ஒன்றும் போடவில்லை, ஆகவே அதன் மேல் பழி போடவும் வழியில்லை. "புதுசு இல்லையா சார், பழகிடும்." ஒரு வாரம் கழித்துப் போனேன். நீலத்தாளைக் கடிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "கரெக்டாத்தான் இருக்கு. நாக்கு அங்கேயே போய்க்கிட்டிருந்தா அப்படித்தான் தோணும்." மூன்றாவது முறை போனபோது அங்கே உதவிக்கு வந்திருந்த ஓர் இளம்பெண் டாக்டர், "அய்யா, எப்போ தட்டுது? படுத்திருக்கும்போதா, உட்கார்ந்திருக்கும்போதா?" என்று கேட்டார். யாரும் கேட்காத கேள்வி. உட்கார்ந்து சாப்பிடும்போது என்றேன். நாற்காலியை நிமிர்த்தி வைத்து, தாளை மறுபடி கடிக்கச் சொன்னார். பிறகு அதைவிட மெல்லிய ஒரு வெள்ளித்தகடு மாதிரி எடுத்து, லேசாகக் கடிக்கச் சொல்லி இழுத்துப் பார்த்தார். அங்கே மட்டும் வரவில்லை. படுத்திருக்கும்போது தாடை பின்னால் போய்விடும், உட்காரும்போது கடி வேறு இடத்தில் விழும் என்று விளக்கினார். தேய்க்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அன்று இரவே தட்டல் போயிற்று. ஐந்து வாரம் பழகாதது மூன்று நிமிடத்தில் பழகிவிட்டது.

என் நண்பர் ஒருவர், தோணித் துறையில் சரக்கு ஏற்றுமதி பார்த்தவர். அவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. "டாக்டர் சொன்னாருல்லா அண்ணாச்சி, நாமளும் போயிப் போயி நின்னா நல்லாவா இருக்கும்?" என்று எட்டு மாதம் பொறுத்துக்கொண்டார். பிறகு கேப் ஆட ஆரம்பித்தது. உள்ளே ஸ்க்ரூ தளர்ந்திருந்தது. அதை முறுக்கிச் சரிசெய்த பிறகு பார்த்தால் எதிரே மேல்பல்லில் விரிசல். இப்போது அந்தப் பல்லையும் எடுக்க வேண்டுமாம், அங்கேயும் இம்ப்ளான்ட் வைக்கலாமாம்.

நம் தலைமுறையின் வியாதி இது. டாக்டரை இரண்டாம் முறை கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். கடைக்காரரிடம் அரை கிலோ சாளைக்குப் பத்து ரூபாய் பேரம் பேசுகிறவர், இரண்டரை மாதப் பென்ஷனைக் கொட்டி வைத்த பல்லைப் பற்றிக் கேட்க வெட்கப்படுகிறார். வீட்டிலும் ஒத்தாசை கிடையாது. மகனிடம் சொன்னால், "அப்பா, நீங்க அதையே நினைச்சுக்கிட்டு இருக்கீங்க." சொந்தக்காரர்கள், "இந்த வயசுல எதுக்கு மாமா இவ்வளவு செலவு?" இந்த வயதில்தானே ஐயா பல் போகிறது? இருபது வயதிலா இம்ப்ளான்ட் வைப்பார்கள்?

டாக்டர்கள் தரப்பில் ஒரு பதில் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் முன்னாலேயே சொன்னால் வயதானவர்கள் பயந்து ஓடிவிடுவார்கள், பிறகு ஒரு பக்கமாகவே மென்று வயிற்றைக் கெடுத்துக்கொள்வார்கள் என்கிறார்கள். நாக்கு புதுப்பொருளைத் தேடித் தேடிப் போகும், அதைக் கேட்டுக் கேட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தால் கடைசியில் கேப் எதிர்ப்பல்லைத் தொடாமலே போய்விடும் என்பதும் உண்மை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதற்கு மருந்து வாயை மூடுவது அல்லவே. எது பழகும், எது பழகாது என்று பிரித்துச் சொல்லிவிட்டால், பழகக்கூடியதற்கு யாரும் வந்து கதவைத் தட்டப்போவதில்லை. சொல்லாததால்தான் எல்லாவற்றுக்கும் வருகிறார்கள், அல்லது எதற்குமே வராமல் இருந்துவிடுகிறார்கள்.

நான் கேட்டும் படித்தும் பட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், உங்கள் டாக்டரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழகுவது: அந்த மரக்கட்டை உணர்வு. நார் திரும்பி வளராது, ஆனால் எலும்பு, தாடை மூட்டு, தசை, எதிர்ப்பல் இவற்றின் வழியாக மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் சேதி வாங்கக் கற்றுக்கொள்ளும். சில மாதம் ஆகும். எனக்கு இப்போது வறுத்த நிலக்கடலைக்கும் அவித்த கடலைக்கும் வித்தியாசம் இடது பக்கமும் தெரிகிறது. பனங்கிழங்கின் இழுப்பு மட்டும் இன்னும் வரவில்லை, வராது என்றே நினைக்கிறேன். மாட்டிய அன்று பக்கத்துப் பல்லை நெருக்குகிற மாதிரி இருப்பது ஓரிரு நாளில் போகும். வருஷக்கணக்காகக் காலியாக இருந்த இடத்தில் நாக்கும் கன்னமும் படுத்துப் பழகியிருக்கும், அவற்றுக்கு இடம் காலி செய்யக் கொஞ்ச நாள் வேண்டும். முதல் வாரம் கன்னத்தைக் கடித்துக்கொள்வதும் இதனால்தான். விடாமல் கடிபட்டால் கேப்பின் வடிவத்தில் கோளாறு, போய்ச் சொல்லுங்கள். முன்பல்லில் வைத்தவர்களுக்கு "ச", "ஸ" உச்சரிப்பு சில நாள் சீட்டியடிக்கும். சத்தமாகப் பேப்பர் படித்தால் சரியாகிவிடும்.

பழகாதது: முதலில் தட்டுவது. கடித்தால் வலி. அசைவு, எவ்வளவு சின்னதானாலும். ஈற்றில் ரத்தம், சீழ், வாயில் கெட்ட ருசி. அறுவை முடிந்து மரப்பு மருந்து தெளிந்த பிறகும் கீழுதடோ முகவாயோ மரத்தே இருப்பது, இதற்கு மறுநாள்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. பிறகு, சாப்பாடு மாட்டுவது. இதைப் பற்றி யாருமே சொல்வதில்லை. இயற்கைப் பற்கள் ஆயுள் முழுக்க மெல்ல மெல்ல முன்பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும், இம்ப்ளான்ட் நகராது. அதனால் வைத்தபோது இறுக்கமாக இருந்த இடத்தில் சில வருஷத்தில் சந்து விழுந்துவிடலாம். மீன் முள்ளும் இறைச்சி நாரும் அங்கே போய் உட்காரும். குச்சியால் குத்திக் குத்திப் பழகிக்கொள்கிற விஷயம் அல்ல இது. இம்ப்ளான்ட் சொத்தையாகாதுதான், ஆனால் அதைச் சுற்றிய ஈறும் எலும்பும் அழுகும், அதுவும் பெரும்பாலும் வலிக்காமல். பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டி மாதிரி ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கிறது, தினமும் இரவு அதைவிட்டுச் சுத்தம் செய்யச் சொல்கிறார்கள். வெற்றிலை, புகையிலை போடுகிறவர்களுக்கு நான் என்ன சொன்னாலும் ஏறாது, விட்டுவிடுகிறேன்.

நிறம் பற்றியும் ஒரு சண்டை போட்டேன். முத்து மாதிரி வெள்ளையாக வைக்கலாம் என்றார்கள். முத்து வெள்ளை என்று யார் சொன்னது? நம் கடல் முத்தில் தந்த நிறமும் இளமஞ்சளும் உண்டு. எழுபது வயதுக் காப்பி குடித்த பல்வரிசையில் இரண்டு மட்டும் டியூப்லைட் மாதிரி எரிந்தால் சிரிக்கவா முடியும்? நிறப்பலகையில் மங்கலான ஒன்றைக் காட்டி இதுதான் வேண்டும் என்றேன். வீட்டம்மாவுக்கு இதில் உடன்பாடில்லை.

இன்னொரு கோபமும் இருக்கிறது. இந்த டைட்டானியத்தின் மூலப்பொருள் எங்கோ வெளிநாட்டில் மட்டும் கிடைப்பதல்ல. நம் தேரி மணலிலும் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் கிடக்கிற கருமணல் இல்மனைட்தான் அது. 2007-ல் சாத்தான்குளம் பக்கம் டைட்டானியம் ஆலை என்று பேச்சு வந்தபோது எவ்வளவு சண்டை நடந்தது என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் என் தாடையில் இருப்பது எந்த நாட்டில் செய்தது, எந்தக் கம்பெனி என்று கேட்டபோது, "இம்போர்ட்டட் சார், நல்ல பிராண்ட்" என்பதுதான் பதில். அண்ணனுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தபோது கம்பெனி பெயர், அளவு, தொகுதி எண் எல்லாம் உள்ள ஸ்டிக்கரை ஓர் அட்டையில் ஒட்டிக் கையில் கொடுத்தார்கள். இம்ப்ளான்டின் பெட்டியிலும் அதே மாதிரி ஸ்டிக்கர் வருகிறது. அதை நோயாளியிடம் கொடுக்க என்ன தயக்கம்? நான் எழுதிக் கேட்ட பிறகுதான் கிடைத்தது.

அது வெறும் காகிதம் அல்ல. ஒவ்வொரு கம்பெனி ஸ்க்ரூவுக்கும் தலை வேறு, அதைத் திருப்புகிற சாவி வேறு. கேப் ஸ்க்ரூ போட்டு மாட்டியதா, சிமெண்ட் வைத்து ஒட்டியதா என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பத்து வருஷம் கழித்து நீங்கள் மகள் வீட்டில் கோயம்புத்தூரில் இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை கேப் ஆடினால், அங்கே இருக்கிற டாக்டர் எக்ஸ்-ரேயைப் பார்த்து இது எந்தக் கம்பெனியாக இருக்கும் என்று ஊகித்துக்கொண்டிருப்பார். ஆகவே ஏற்கெனவே வைத்துக்கொண்டவர்கள் இந்த வாரமே போய் அந்த ஸ்டிக்கரை வாங்கி, பென்ஷன் புத்தகத்தோடு வையுங்கள். போகிற போக்கில், நாற்காலியை நிமிர்த்திவைத்துக் கடியைப் பார்க்கச் சொல்லுங்கள்.